கறுத்த பொட்டும் ஒளிரும் கன்னமும்

எங்கள் வீட்டு முன்கூடத்துச் சுவரில், என் பிள்ளைப் பிராயம் முதலாகவே, அப்பாயியின் நிழற்படம் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறது. யுத்தத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கம் இருந்து பிற்பாடு மறைந்துபோன ஒரு ஸ்டூடியோவில், தலைப்பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் எடுத்துக்கொண்ட படம் அது. அதில் அப்பாயியின் நெற்றியில் வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டு. உடுத்தியிருப்பதும் கறுப்புச் சேலை. அதன் கரை மட்டும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்திருக்கும். மங்கல காரியமாகப் படமெடுக்கப் போன சுமங்கலி கறுப்பா உடுத்துவாள் என்று ஒருநாள் தந்தையாரிடம் கேட்டுவிட்டேன். "கறுப்பை எங்கேடா கண்டே? அது அரக்குச் சேலை, நீலக் கரை. நெத்தியிலே இருக்கிறது குங்குமம்" என்று சொன்னதோடு நில்லாமல், தகரப்பெட்டியைத் திறந்து அந்தச் சேலையையே எடுத்துக் காட்டினார். அரக்கு அரக்காகவே இருந்தது; கரை மயில்கழுத்து நீலம்.

சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெள்ளையாகவும் மாற்றிய மாயம் யாது என்ற கேள்வி அன்று பிறந்தது. அதைத் தொடர்ந்து வேறொரு சந்தேகமும் கிளம்பிற்று. அப்பாயி மாநிறம் என்பது குடும்பத்தார் அனைவரும் ஒருமுகமாகச் சொல்லும் சாட்சியம்; படத்திலோ அவள் நல்ல கறுப்பு. அப்படியிருந்தும் அம்முகம் இருளில் அமிழ்ந்துபோகாமல், கன்னத்தெலும்பின் மேடும், மூக்கின் தண்டும், கீழுதட்டின் ஈரமும் தொட்டுப் பார்க்கலாம் போலத் துலங்குகின்றனவே, அது எவ்வாறு?

முதற்கேள்விக்கு விடை இருட்டறையில் கிடைக்கும். பழைய ஸ்டூடியோக்களின் இருட்டறையில் சிவப்பு விளக்கொன்று எரிந்துகொண்டிருப்பதைச் சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். சிறுகீற்று வெளிச்சம் பட்டாலே கெட்டுப்போகும் தகடும் தாளும் அந்தச் சிவப்பு விளக்கின் கீழ் மணிக்கணக்கில் கிடந்தும் கெடுவதில்லை. ஏனெனில் அவற்றின்மேல் பூசியுள்ள வெள்ளி புரோமைடு என்னும் இரசாயன உப்புக்குச் சிவப்பு என்பது வெளிச்சமே அன்று. ஒளி துகள் துகளாகவே வருகிறது என்பதும், நீலத்தின் துகளில் சக்தி மிகுதி, சிவப்பின் துகளில் சக்தி குறைவு என்பதும் பௌதிக சாஸ்திரம் கண்ட உண்மைகள். நம் ஊரில் முன்பு மூலைக்கு மூலை இருந்த பொதுத் தொலைபேசியை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துக்காசு போட்டால் பேசலாம். அதற்குப் பதிலாக ஒருகாசு நாணயங்களை ஒரு சட்டிப்பானை நிறையக் கொண்டுவந்து கொட்டினாலும் அது வாய் திறவாது. வெள்ளி உப்பும் அத்தகைய பிடிவாதக்காரி. நீலத்துகள் ஒன்று பத்துக்காசுக்குச் சமானம். சிவப்புத்துகள் எத்தனை கோடி வந்து விழுந்தாலும் சில்லறைதான். ஆகவே குங்குமத்திலிருந்து புறப்பட்டு வந்த சிவப்பொளி தகட்டில் விழுந்தும் விழாததாயிற்று. பொட்டு இருந்த இடம் இருட்டாகப் பதிந்தது. நீலக்கரையோ தகட்டின் கண்ணுக்குத் தீபம் போல் பிரகாசித்தது.

இதை நான் புத்தகத்தில் படித்ததோடு விட்டுவிடவில்லை. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று பங்குகளையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் இடங்கொடுக்கும் செயலிகள் இன்று கைத்தொலைபேசியிலேயே உண்டு. தந்தையார் விட்டுச்சென்ற அதே சேலையைச் சாளரத்தடியில் விரித்துப் படமெடுத்து, சிவப்பையும் பச்சையையும் அடியோடு நீக்கி, நீலப்பங்கை மட்டும் மிச்சம் வைத்துப் பார்த்தேன். அரக்கு கறுத்தது, கரை வெளுத்தது, சுவரில் தொங்கிய சேலை என் கையில் வந்துவிட்டது. நீலத்தை நீக்கிச் சிவப்பை மாத்திரம் வைத்தபோது அதற்கு நேர்மாறாக அரக்கு வெளிறிற்று. குங்குமம் இட்ட நெற்றியை அப்படி எடுத்தால் பொட்டே ஏறக்குறைய அழிந்துவிடும்.

தகட்டின் இந்தக் குருட்டுத்தன்மைக்கு வைத்தியம் கண்டவர் பெர்லின் நகரத்து இரசாயன நிபுணர் ஹெர்மன் ஃபோகல். தகட்டின் பூச்சில் தக்க சாயத்தைச் சேர்த்தால், அதுவரை காணாத பச்சையையும் அது காணத் தொடங்கும் என்று அவர் 1873 இல் கண்டுபிடித்தார். நம் தொலைபேசி உவமையில் சொன்னால், ஐந்து காசையும் ஏற்கும் துளை ஒன்றைப் பக்கத்தில் குடைந்துகொடுத்தார். சிவப்பு உட்பட அனைத்து வர்ணங்களையும் காணும் தகடுகள் 1906 இல் விற்பனைக்கு வந்தன. ஆயினும் சிவப்பு விளக்கின் கீழ் சாவதானமாக வேலை செய்யும் வசதியை விட மனமில்லாமல், பல ஸ்டூடியோக்கள் அதற்குப் பின்னும் நெடுங்காலம் பழைய வகையையே கையாண்டன. அப்பாயியின் படத்தை எடுத்தவரும் அந்த வகுப்பைச் சேர்ந்தவர் போலும்.

சிங்கப்பூருக்கு இக்கலை வெகு சீக்கிரத்தில் வந்து சேர்ந்தது. தகட்டில் படம் பதிக்கும் தாகேரின் முறை பாரிஸில் பகிரங்கமானது 1839 இல். 1843 டிசம்பரிலேயே, இங்கே லண்டன் ஹோட்டலை நடத்திவந்த துத்ரோங்குவா என்பார், இரண்டே நிமிஷத்தில் உருவப்படம் எடுத்துத் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் செய்துவிட்டார். அரபு வமிசமும் தமிழ் வமிசமும் கலந்த மரபில் வந்த முன்ஷி அப்துல்லா, 1849 இல் வெளியான தம் சுயசரிதையில், சிங்கப்பூர் நகரம் பதிந்த தகடொன்றைக் கண்டு அதிசயித்ததை எழுதிவைத்திருக்கிறார். பின்னர் லாம்பர்ட் கம்பெனி போன்ற ஸ்டூடியோக்கள் வந்தன. ஹில் ஸ்திரீட்டில் லீ சகோதரர்கள் 1910 முதல் எடுத்த உருவப்படங்களின் கண்ணாடித் தகடுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

அக்காலத்துப் படங்களில் நம்மவர்களைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தை மறக்கலாகாது. நம் தோலின் பழுப்பு என்பதே, சிவப்பொளியை நிறையவும் நீலவொளியைச் சொற்பமாகவும் திருப்பி அனுப்புவதால் விளையும் நிறம். சிவப்பு தெரியாத தகட்டில் எவர் முகமும் உள்ளதைவிடக் கறுக்கும். பழுப்பு முகமோ பன்மடங்கு கறுக்கும். துறைமுகத் தொழிலாளரையும், வண்டிக்காரரையும், மார்க்கெட் ஸ்திரீட்டுச் செட்டியாரையும் 'இன்ன இனத்தின் மாதிரி' என்று பெயரிட்டு வெள்ளைக்காரப் பயணிகளுக்கு அட்டைகளாக விற்றார்களே, அவற்றில் தெரியும் கருமையில் ஒரு பங்கு அம்மனிதர்களுடையது, மற்றொரு பங்கு வெள்ளி உப்பினுடையது. இதை அறியாமல் அப்படங்களை மனித சாஸ்திரத்துக்கு ஆதாரமாகக் கொண்டவர்களும் இருந்தார்கள் என்பது வருந்தத்தக்கது.

வர்ணத்தின் கதை இவ்வளவே. இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். எனக்கு அதுவே சுவையானது.

வர்ணத்தை நீக்கிவிட்டால் ஒரு முகத்தில் மிஞ்சுவன இரண்டு: ஒன்று மேடுபள்ளங்களின் சாய்வு, மற்றொன்று தோலின் வழுவழுப்பும் சொரசொரப்பும். பின்னதை ஓவியர்கள் 'டெக்ஸ்சர்' என்கிறார்கள். நாம் இழைநயம் என்று சொல்லிக்கொள்ளலாம். கண்ணால் தொட்டறியும் தன்மை அது. அதை நமக்குக் கொண்டுவந்து சேர்ப்பது ஒளி. ஆனால் தோலிலிருந்து மீளும் ஒளி ஒன்றன்று, இரண்டு.

ஒரு முகத்தின்மேல் விழும் ஒளியில் நூற்றில் ஏறக்குறைய மூன்று பங்கு, தோலுக்குள் நுழையாமலே, கண்ணாடியில் பட்டது போல் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. இதை மேலொளி என்போம். எஞ்சியது தோலுக்குள் புகுந்து, அங்கே திக்குத் தெரியாதவன் போல் முட்டி மோதி, நிறமிக்கும் இரத்தத்துக்கும் தன்னில் ஒரு பகுதியைக் கப்பம் கட்டி, மிச்சத்தோடு வேறோர் இடத்தில் வெளிப்படுகிறது. இதை உள்ளொளி என்று அழைக்கலாம், ஆன்மிகர் மன்னிப்பார்களாக. சிவப்பு மிக ஆழமாகச் செல்லும், நீலம் மேலோடேயே நின்றுவிடும் என்பதற்கும் பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டுமானால், இருட்டில் ஒரு கைவிளக்கை விரல்நுனியால் மூடிப் பாருங்கள்; விரல் சிவப்பாக மாத்திரமே ஒளிரும்.

வெளிறிய தோலுக்கும் கறுத்த தோலுக்கும் உள்ள பேதமெல்லாம் உள்ளொளியில்தான். வெளிறிய தோலில் உள்ளே சென்றதில் பாதிக்கும் மேலாகக்கூடத் திரும்பி வரும். கருந்தோலில் பத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான் வரும். மேலொளியோ இருவருக்கும் ஒன்றே. அது நிறமியைக் காணும் முன்பே திரும்பிவிடுவதால், நிறபேதம் அறியாதது. ஆகவே வெளிறிய முகத்தில் எங்கும் பரவிய உள்ளொளியின் வெள்ளத்தில் மேலொளி முழுகிப்போக, அங்கே வடிவத்தை எழுதும் வேலை நிழலுக்கு வந்துசேர்கிறது. கறுத்த முகத்திலோ, பின்புலம் தானே இருண்டிருப்பதால், அந்த மூன்று பங்கு மேலொளி கரும்பலகைமேல் சுண்ணக்கட்டி போல் எழுந்து நின்று, எலும்பின் வளைவையும் தோலின் இழையையும் தானே எழுதிவிடுகிறது. இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது இந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

தீபாவளிக்கு முந்தின வாரங்களில், மழை ஓய்ந்த இரவொன்றில், சிராங்கூன் சாலையில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. காய்ந்த தார்ச்சாலையில் அலங்கார விளக்குகளின் சுவடே தெரியாது. மழை பெய்து முடிந்தபின், அதே தார் அத்தனை விளக்குகளையும் தன்மேல் ஏந்திக்கொள்கிறது. சாலை கறுப்பாக இருப்பதனாலேயே விளக்கின் சாயை அதில் துல்லியமாக விழுகிறது. இன்னும் ஒன்று கவனியுங்கள்: காலடியில் பார்த்தால் தார்தான் தெரியும், தூரத்தில், பார்வை சாய்ந்து செல்லுமிடத்தில்தான் பிம்பங்கள் ஜொலிக்கும். சாய்ந்து படும் ஒளியில் மேலொளியின் பங்கு மூன்றிலிருந்து மளமளவென்று ஏறும் என்பதே காரணம். முகத்திலும் அவ்வாறே, பக்கவாட்டிலும் சற்றுப் பின்னாலும் இருந்து வரும் வெளிச்சம் கன்னத்தின் விளிம்பில் வெள்ளிக்கோடு இழுக்கிறது.

அந்தச் சாலையிலேயே உள்ள வீரமாகாளியம்மன் கோயிலுக்குள் போனால் நம் சிற்பிகளும் அர்ச்சகர்களும் இதை எவ்வளவு காலமாக அறிந்திருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வரும். கருங்கல்லில் மூலவரைச் செதுக்கி, எண்ணெய்க் காப்புச் சாத்தி, இருண்ட கருவறையில் நிறுத்தி, கற்பூரத்தட்டைப் பக்கத்திலிருந்து வட்டமிட்டுக் காட்டுவது நம் ஆலயங்களின் சம்பிரதாயம். சுடர் நகர நகர, எண்ணெய் மினுங்கும் கல்லின் மேல் மூக்கும் உதடும் கன்னமும் ஒவ்வொன்றாக ஒளியில் பிறந்து மறைகின்றன. வெள்ளைச் சலவைக்கல்லில் இந்த அனுபவம் கிட்டாது.

இரண்டு ஒளிகளும் வெவ்வேறு என்பதை எப்படிப் பிரித்து அறிந்தார்கள்? முனைவாக்கம் என்னும் தன்மையைக் கொண்டு. ஒளியின் அதிர்வை ஒரே தளத்தில் அமைத்து அனுப்பும் தகட்டை விளக்கின்முன் வைத்தால், மேலொளி அந்த ஒழுங்கோடே திரும்புகிறது. உள்ளொளியோ தோலுக்குள் அலைந்த அலைச்சலில் அதை இழந்துவிடுகிறது. கேமராவின்முன் அதே போன்ற தகட்டைக் குறுக்காகத் திருப்பி வைத்தால் மேலொளி தடைபட்டு, உள்ளொளி மாத்திரம் உள்ளே வரும். தோல் வைத்தியர்கள் இம்முறையால் பளபளப்பை அகற்றித் தோலின் உட்புறத்தை ஆராய்கிறார்கள். கறுத்த முகத்தை அவ்வாறு எடுத்தால் அது கரிக்கட்டையால் தீற்றியது போல் தட்டையாகிவிடும்.

சென்ற மார்ச் மாதத்தில் கேம்பல் லேனில் மாலை தொடுக்கும் பெரியவர் ஒருவரைப் படமெடுக்க அனுமதி கேட்டேன். "எடுங்க தம்பி, வேலையைப் பார்த்துக்கிட்டே இருக்கேன், போதுமா?" என்றார். அறுபது கடந்த என்னைத் தம்பி என்றது ஒரு சுகம். நம் தீவு பூமத்திய ரேகைக்கு ஒன்றேகால் பாகை வடக்கே கிடப்பதால், மார்ச்சிலும் செப்டம்பரிலும் பிற்பகல் ஒரு மணிச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்பான். அந்நேரத்தில் அவர் வெயிலில் நின்றிருந்த படத்தில் கண்குழி இரண்டும் கரும்பள்ளமாகி, மூக்கின் நிழல் மீசைபோல் உதட்டின்மேல் விழுந்துவிட்டது. சூரியன் பெரியவனாயினும் வானத்தில் நம் கண்ணுக்கு அரைப்பாகை அகலமே உடையவன். அவன் தரும் நிழலில் கருநிழலுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே உள்ள புறநிழல் மயிரிழை அளவே இருக்கும். நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல் அமைவதற்கு அதுவே காரணம். மேகம் மூடியவுடன் வானமே விளக்காகிவிட, புறநிழல் விரிந்து நிழலும் ஒளியும் ஒன்றில் ஒன்று கரைகின்றன. இதனால்தான் வெளிச்சம் கடினமா மிருதுவா என்பதை முடிவு செய்வது விளக்கின் சக்தி அன்று, முகத்திலிருந்து பார்க்க அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே.

அதன்பின் பெரியவர் ஐந்தடிப் பாதையில் தம் முக்காலியில் அமர்ந்தார். கடைவீடுகளின் முன் தொடர்ச்சியாக மூடிய நடைபாதை இருக்கவேண்டும் என்று 1822 இல் விதித்த ராஃபிள்ஸ், வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடம் செய்வதாகத்தான் எண்ணியிருப்பார்; உருவப்படம் எடுப்பவனுக்கு ஊர் முழுவதும் இலவச ஸ்டூடியோ கட்டிக்கொடுத்ததை அவர் அறியார். மேலே கூரை, ஒரு புறம் சுவர், மறுபுறம் தெரு நீளத்துக்கும் திறந்த வெளிச்சம். அந்த ஒருபக்க ஒளியில் பெரியவரின் நெற்றியிலிருந்த திருநீறு, வரிவரியாக, பொடிப்பொடியாக, தோலின் ரேகைகளில் இறங்கி நின்றதுகூடத் தெரிந்தது. வாழைநாரை இழுத்துப் பிடித்த விரல்களில் நீர்பட்டு ஊறிய சுருக்கங்களும், நகக்கண்ணில் ஒட்டிய மல்லிகைக் காம்பின் பசுமையும் (படத்தில் அது சாம்பல்) புலப்பட்டன. வியர்வை படிந்த கன்னத்தெலும்பின்மேல், தெருவின் வெளிச்சம் நீண்ட ஒரு பட்டையாகக் கிடந்தது.

வெறும் சாம்பல் நிறத்தின் ஏற்ற இறக்கத்தைக் கண்டு மூளை எப்படி மேடு பள்ளம் என்று நிச்சயிக்கிறது? இதை 1988 இல் அழகாக ஆராய்ந்தவர் ஒரு தமிழர். சென்னையில் மருத்துவம் படித்துப் பின் அமெரிக்கா சென்ற வி. எஸ். இராமச்சந்திரன். மேற்பாதி வெளுத்துக் கீழ்ப்பாதி இருண்ட வட்டத்தைப் பார்ப்பவர் அதைக் குமிழ் என்பார். அதையே தலைகீழாகத் திருப்பினால் குழி என்பார். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று, சூரியனின் கீழ் வளர்ந்த மூளை தீர்மானித்துவைத்திருக்கிறது. அதிலும் 'மேல்' என்பது தலையின் மேல். குனிந்து கால்களுக்கிடையே பார்த்தால் குமிழ் குழியாகிவிடும். (தனிமையில் சோதிக்கவும்.) காட்சி முழுவதற்கும் விளக்கு ஒன்றே என்று கொள்வதும் மூளையின் வழக்கம் என அவர் காட்டினார்.

இதைப் படித்தபோது என் பதினெட்டாம் வயதுப் படமொன்று ஞாபகத்துக்கு வந்தது. ஊர்ப்பேர் தெரிந்த ஒரு ஸ்டூடியோவில், பளபளக்கிறது என்று சொல்லி என் முகத்தில் பவுடரை அப்பி, இடமும் வலமும் இரண்டு விளக்குகளைச் சமமாக நிறுத்தி எடுத்தார்கள். பவுடரின் நுண்துகள்கள் மேலொளியை நாலாபக்கமும் சிதறடிக்க, இரண்டு விளக்குகள் ஒன்றின் நிழலை மற்றொன்று அழிக்க, வெளிவந்த முகம் அரிசிமாவில் புரட்டிய கொழுக்கட்டையாக இருந்தது. கறுப்பு வெள்ளையில் கறுத்த முகத்துக்குச் செய்யக்கூடிய பெரிய தீங்கு பவுடர் என்பது என் அபிப்பிராயம்.

அப்பாயியை எடுத்தவர் அப்படிச் செய்யவில்லை. பூதக்கண்ணாடி வைத்து அவள் கண்மணியைப் பார்த்தேன். விழியின் முன்புறம் குவிந்த கண்ணாடியாதலால் எதிரே இருந்த விளக்கின் உருவம் அதில் அப்படியே நிற்கும். இரு விழிகளிலும் இடப்பக்கம் மேலாகச் சாய்ந்த ஒரே ஒரு சதுரம் தெரிந்தது. மின்விளக்கன்று, கூரைச் சாளரம். அவர் தகட்டுக்குச் சிவப்பு தெரியாவிட்டாலும், அவருக்கு வெளிச்சம் தெரிந்திருந்தது.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருப்பார்கள். அடுத்த முறை அவர்களைப் படமெடுக்கும்போது குழல்விளக்கை அணைத்துவிட்டு, சாளரத்துக்குப் பக்கவாட்டில் அமர்த்துங்கள். தலைக்குத் தேய்த்த எண்ணெய் நெற்றியில் வழிந்திருந்தால் தயவுசெய்து துடைக்காதீர்கள்.